மாணவர் மனநலமும் மறைவின் விலையும்
(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

 

வெள்ளி விழா மேடையில் சாதனைகளைச் சொல்லி மகிழ்வது மரபு. அதற்குரிய தகுதி நம் சங்கத்திற்கு உண்டு. செக்கிங், பேக்கிங் வேலைக்குச் சென்ற தாயின் மகள் முதுகலைப் பட்டம் பெற்றிருக்கிறாள். சாயப்பட்டறையில் கை வெந்த தந்தையின் மகன் பொறியாளனாகியிருக்கிறான். 2009-ஆம் ஆண்டில் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டமானது. அதே ஆண்டில் திருப்பூர் தனி மாவட்டமுமாயிற்று. 2022-இல் இவ்வூருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. வாசற்படிகள் ஒவ்வொன்றாகத் திறந்திருக்கின்றன. இவற்றையெல்லாம் எண்ணி நாம் பெருமை கொள்வது முறையே.

ஆயினும் ஒரு கணக்கை நாம் எழுதாமல் விட்டிருக்கிறோம். பட்டம் பெற்றவர்களை எண்ணுகிறோம். இடையில் நின்றுவிட்டவர்களை எண்ணுவதில்லை. பணமின்றி நின்றவர்கள் உண்டு. அதை வெளியில் சொல்ல நமக்குக் கூச்சமில்லை. மனம் உடைந்து நின்றவர்களும் உண்டு. அதைச் சொல்ல நாம் கூசுகிறோம். காதலிலோ உடலுறவிலோ ஏதோ நேர்ந்து, கருவுற்றோமோ, நோய் பற்றிற்றோ, படம் வெளியாகுமோ என்று அஞ்சிப் படிப்பையே விட்டவர்கள் உண்டு. அதைப் பற்றி நாம் வாயே திறப்பதில்லை. மனநலமும் பாலியல் வாழ்வின் ஆபத்துகளும் ஒன்றோடொன்று எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

'கல்விச் சங்கத்தின் விழாவில் இதைப் பேசலாமா?' என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். அவர்களுக்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்விலிருந்தே விடை கூறலாம். பம்பாயில் ரகுநாத் கார்வே என்னும் அறிஞர் 1927 முதல் 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்ற மராத்தி இதழை நடத்தி வந்தார். பாலியல் குறித்து வாசகர்கள் அனுப்பும் ஐயங்களுக்கு அவர் அறிவியல் நோக்கில் விடை எழுதினார். அவ்விடைகள் ஆபாசமானவை என்று அவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. 1934-இல் அவ்வழக்கில் கார்வேக்காக வாதாடியவர் வழக்கறிஞர் அம்பேத்கர் அவர்கள்தாம். வழக்கு தோற்றது, கார்வேக்கு அபராதம் விதிக்கப்பட்டது. ஆனால் உடலைப் பற்றி ஐயம் கேட்பதும் அதற்கு விடை பெறுவதும் குற்றமாகா என்ற நிலைப்பாட்டிலிருந்து அண்ணல் விலகவில்லை. அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் சார்பில் 1938 நவம்பரில் பம்பாய் சட்டமன்றத்தில் கருத்தடை குறித்த தீர்மானம் கொண்டுவரப்பட்டது, அதுவும் தோற்றது. தீண்டாமைக்கு எதிராகப் போராடிக்கொண்டிருந்த தலைவருக்கு இதற்கு நேரம் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பாருங்கள். கேட்கும் உரிமை மறுக்கப்பட்டவன் எந்த உரிமையையும் அடைய முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார். அவர் வழக்காடிய பொருளை அவர் படத்தின் கீழ் நின்று பேச நாம் கூச வேண்டியதில்லை.

இனி, பொருளுக்கு வருவோம். மனநோய்கள் முதுமையின் நோய்கள் அல்ல. 2005-இல் வெளியான பெரியதோர் அமெரிக்க ஆய்வின்படி, வாழ்நாளில் தோன்றும் மனநலக் குறைபாடுகளில் பாதி 14 வயதுக்குள்ளும், முக்கால் பங்கு 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன. கல்லூரிப் பருவம் இவ்விளிம்பின் மீதே அமைந்திருக்கிறது. காதலும் உடலின் விழிப்பும் முளைவிடும் பருவமும் இதுவே. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கும்போது ஒன்றின் நிழல் மற்றதன்மீது விழாமல் இராது.

அந்நிழல் எவ்வாறு விழுகிறது என்பதை ஆராய்ந்தவர்கள் உண்டு. நியூசிலாந்து நாட்டின் டனிடின் நகரில் 1972-73-இல் பிறந்த ஏறத்தாழ ஆயிரம் பேரைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்து வந்தார்கள். அவர்கள் 21 வயதை எட்டியபோது திரட்டிய செய்திகள் 2000-ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியாயின. மனச்சோர்வு, போதைப் பழக்கம், மிகையெழுச்சி போன்ற குறைபாடுகள் உடையவர்களிடம் பாதுகாப்பற்ற உடலுறவும் பால்வினை நோய்களும் மற்றவர்களைவிட மிகுதியாகக் காணப்பட்டன. ஒருவருக்கே இரண்டு மூன்று குறைபாடுகள் சேர்ந்திருந்தால் ஆபத்தும் கூடிற்று.

காரணங்களை விளங்கிக்கொள்வது கடினமன்று. தன்னைப் பயனற்றவன் என்று எண்ணுகிறவன் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று எண்ணமாட்டான். 'ஆணுறை இல்லாமல் கூடாது' என்று சொல்லுவதற்கு ஒரு பெண்ணுக்குத் தன்மீது மதிப்பு வேண்டும். 'சொன்னால் இவன் என்னை விட்டுப் போய்விடுவானோ' என்ற அச்சம் அந்த மதிப்பைத் தின்றுவிடுகிறது. நாளை என்பதே இருண்டு தெரிகிறவனிடம் பத்தாண்டுகளுக்குப் பின் வரும் நோயைப் பற்றிச் சொன்னால் அது அவன் காதில் ஏறாது. விடுதியில் தனித்துக் கிடப்பவனுக்கு ஒரு மணி நேர நெருக்கமும் பெருஞ்செல்வமாகத் தோன்றுகிறது. மனவலியை மறக்கக் குடிப்பவன் அன்றிரவு எடுக்கும் முடிவு அவனுடைய முடிவாக இருப்பதில்லை. சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களுக்கோ, 'வேண்டாம்' என்ற சொல்லே முன்பே பறிக்கப்பட்டிருக்கிறது.

இது ஒரு வழிப் பாதையும் அன்று. ஓர் இரவின் கவலையீனம் பல மாத அச்சமாக வளர்கிறது. அச்சம் உறக்கத்தைக் கெடுக்கிறது, உறக்கமின்மை படிப்பைக் கெடுக்கிறது, தோல்வி மனச்சோர்வாகிறது, சோர்வு மீண்டும் அதே ஆபத்தின் வாசலில் கொண்டுபோய் விடுகிறது. செக்கு மாட்டைப் போல் அம்மாணவன் சுற்றிச் சுற்றி வருகிறான். வெளியில் நிற்பவர்கள் 'ஒழுக்கம் கெட்டவன்' என்ற ஒரு சொல்லால் அவனை முடித்துவிடுகிறார்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, மனச்சோர்வு உடையவர் எல்லாரும் இவ்வழியில் செல்பவர் அல்லர். பலருக்கு அச்சோர்வு உடலின் ஆசையையே அணைத்துவிடுகிறது. ஆதலின் ஒருவருடைய நடத்தையைக் கொண்டு அவர் மனத்தையோ, மனநோயைக் கொண்டு அவர் நடத்தையையோ அளந்துவிடக் கூடாது.

இரண்டாவது இதனினும் முக்கியமானது. வற்புறுத்தப்பட்டவர் ஆபத்தைத் தேடிச் சென்றவர் அல்லர். நம் அண்டை ஊரான பொள்ளாச்சியில் நட்பின் பெயரால் இளம்பெண்கள் வரவழைக்கப்பட்டு, வன்கொடுமை செய்யப்பட்டு, படமெடுத்து மிரட்டப்பட்ட செய்தி 2019 பிப்ரவரியில் வெளிவந்தது. துணிந்து முதற்புகார் கொடுத்தவர் ஒரு கல்லூரி மாணவி. அவர் அடையாளத்தையே அதிகாரிகள் வெளியிட்ட கொடுமையும் நிகழ்ந்தது. ஆயினும் வழக்கு நின்றது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. அப்பெண்களைப் பார்த்து 'ஏன் போனாய்?' என்று கேட்டவர்கள், குற்றவாளிகளைப் பார்த்து 'ஏன் செய்தாய்?' என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியின் அச்சமே மிரட்டுவோரின் முதலீடு. நம் வீடுகளில் அக்கேள்வி ஒழிந்தால் அம்முதலீடு அன்றே திவாலாகும்.

இதுவரை சொன்னது எல்லா மாணவர்க்கும் பொது. நம் பிள்ளைகளின் தோளில் இதற்கு மேலும் சுமை உண்டு. பகலில் கல்லூரி, மாலையில் பனியன் கம்பெனி என்று இரட்டை நுகத்தடியில் பூட்டப்பட்டவர்கள் அவர்களிற் பலர். குடும்பத்தில் கல்லூரிப்படி ஏறிய முதல் ஆள் என்பது பெருமை மட்டுமன்று. 'நான் தோற்றால் என் வீடே தோற்கும்' என்ற அழுத்தமும் கூட. வகுப்பறையில் ஒதுக்கீட்டைச் சுட்டிக் குத்தும் சொற்கள் வேறு. 2016 ஜனவரியில் ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவையும், 2017 மார்ச்சில் தில்லியில் நம் சேலத்து மாணவர் முத்துக்கிருஷ்ணனையும் இழந்தோம். இந்தியா முழுவதும் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலையால் மாண்டனர் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. அவ்வரிசையில் தமிழ்நாடு முன்னணியில் நிற்பது நமக்குப் பெருமையன்று.

இவற்றோடு காதலின் அச்சமும் சேருகிறது. நம் மாவட்டத்து உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில், பேருந்து நிலையத்தருகே, பொறியியல் மாணவர் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி கடந்து மணந்தார் என்பதே அவர் செய்த 'குற்றம்'. உடன் வெட்டுப்பட்ட கௌசல்யா பிழைத்தெழுந்து சாதி ஒழிப்புக்காகப் பேசி வருகிறார். அந்த நாளுக்குப் பின் இம்மாவட்டத்தில் சாதி கடந்து ஒருவரை விரும்பும் மாணவன் எப்படி விரும்புவான்? ஒளிந்து விரும்புவான். ஒளிந்து வளரும் அன்புக்கு அறிவுரை சொல்ல அண்ணன் இல்லை, அக்காள் இல்லை. மருந்துக் கடையில் ஆணுறை கேட்டால் யாரேனும் பார்ப்பார்களோ என்ற அச்சம். மருத்துவரிடம் சென்றால் ஊருக்குத் தெரியுமோ என்ற அச்சம். சாதி இவ்வாறு அரிவாளால் மட்டும் கொல்லுவதில்லை. மறைவுக்குள் தள்ளியும் கெடுக்கிறது.

நாமும் அம்மறைவுக்குத் துணை போகிறோம் என்பதை மறைக்க வேண்டாம். நம் பெண்களை இழிவாகப் பேசியும், நம் இளைஞர்களை ஒழுக்கமற்றவர்கள் என்று தூற்றியும் வந்த ஊர் இது. அந்தத் தூற்றலுக்கு விடையாக, 'எங்கள் சேரியில் அப்படியொன்றும் இல்லை' என்று காட்ட நாம் பழகிக்கொண்டோம். பிறர் வாயை அடைக்க எழுப்பிய மதிலுக்குள் நம் பிள்ளைகளே அடைபட்டுப் போனார்கள். மானம் காக்க வேண்டியதுதான். ஆனால் பிள்ளையைப் பலி கொடுத்துக் காக்கும் மானம் நமக்குரியதன்று. அது நம்மை இழிவுபடுத்தியவர்கள் வகுத்த அளவுகோல்.

பேசினால் என்ன பயன் என்று கேட்பீர்களாயின், தமிழ்நாட்டின் அனுபவமே சான்று. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதுநிலை பயின்றுகொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் நடத்திய ஆய்வால்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது. அதைக் கண்டறிந்தவரும் ஒரு மாணவியே. 'நம் பண்பாட்டில் இந்நோய்க்கு இடமில்லை' என்று மறுத்தவர்கள் அன்று பலர். தமிழ்நாடு அந்த மறுப்போடு நின்றுவிடவில்லை. 1994-இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. 2000-களின் தொடக்கத்தில் 'புள்ளிராஜா' என்ற கற்பனைப் பெயர் சுவரெல்லாம் கேள்வியாக நின்றது. மக்கள் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே பேசினார்கள். கல்லூரிகளில் செஞ்சுருள் சங்கங்கள் தோன்றின. 2004 ஏப்ரல் முதல் தாம்பரம் அரசு மருத்துவமனையில் கூட்டு மருந்துகள் இலவசமாக வழங்கப்பட்டன. தொற்றின் வேகம் தணிந்தது. பேச்சும் மருந்தும் கைகோத்தபோது நிகழ்ந்த மாற்றம் இது. எச்.ஐ.வி.க்குச் செய்ததை மனநலத்துக்கும் செய்ய வேண்டும். இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

தம்பி தங்கையர் நினைவிற் கொள்ள வேண்டிய சில செய்திகளை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்.

அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் இலவசம். செய்தி கமுக்கமாகக் காக்கப்படும். பால்வினை நோய்களுக்குச் சுகவாழ்வு மையங்கள் உண்டு. மேகப்புண் போன்றவை மருந்தால் முற்றிலும் குணமாகும். எச்.ஐ.வி. இருப்பினும் ஒழுங்காக மருந்து உட்கொண்டு கிருமியளவு கண்டறிய இயலாத நிலைக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியே தொற்று பரவாது. தொற்றுக்கு ஆளாகியிருக்கலாம் என்று அஞ்சத்தக்க நிகழ்வு நேர்ந்தால் 72 மணி நேரத்திற்குள், எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில், அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 28 நாள் உட்கொள்ளும் தடுப்பு மருந்து இருக்கிறது. எய்ட்ஸ் உதவி எண் 1097. எச்.ஐ.வி. உள்ளவரைக் கல்வியிலோ வேலையிலோ ஒதுக்குவது, 2018-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி தடைசெய்யப்பட்டது.

கருவுற்றதை அறிந்து அஞ்சும் பெண் போலி மருத்துவரிடமோ நாட்டு மருந்திடமோ ஓட வேண்டாம். சட்டப்படியான பாதுகாப்பான கருக்கலைப்பில் மணமான பெண், மணமாகாத பெண் என்ற வேற்றுமை பாராட்டக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2022 செப்டம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கொள்ளும் அன்பு குற்றமன்று என்று 2018 செப்டம்பரிலேயே அந்நீதிமன்றம் கூறிவிட்டது. அத்தகைய பிள்ளைகளும் நம் பிள்ளைகளே.

மற்றொன்றையும் மறவாதீர்கள். 18 வயது நிறையாதவரோடு கொள்ளும் உறவு, அவர் இசைந்திருந்தாலும், 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். கல்லூரியின் முதலாண்டில் 17 வயதினரும் உண்டு. இளவயதினரின் காதல்மீது இச்சட்டம் பாய்வதைச் சென்னை உயர்நீதிமன்றம் 2021-இல் கவலையோடு சுட்டிக்காட்டியது. ஆயினும் சட்டம் சட்டமாகவே நிற்கிறது. சாதி வேறுபாடும் சேரும்போது அதன் கூர்முனை யார் பக்கம் திரும்பும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

மனநலத்திற்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். 2022 அக்டோபர் முதல் இந்த அரசுத் தொலைபேசிச் சேவை நடந்து வருகிறது. இரு வாரங்களுக்கு மேல் உறக்கமின்றி, ஊக்கமின்றி, வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால் அது சோம்பலன்று, கோழைத்தனமுமன்று. காய்ச்சலைப் போல் சிகிச்சை தேடவேண்டிய நோய் அது. 2015-16-இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய ஆய்வில், வயது வந்தோரில் நூற்றுக்கு 10.6 பேருக்கு மனநலக் குறைபாடு இருந்தது. அவர்களிற் பெரும்பாலோர் எச்சிகிச்சையும் பெறவில்லை. ஆதலின் துன்புறும் நீங்கள் தனியர் அல்லர். உதவி தேடாமலிருப்பதே பொது நோயாக இருக்கிறது.

சங்கத்திற்கும் சில வேண்டுகோள்கள் உண்டு. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிலையம் ஒவ்வொன்றும் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2025 ஜூலையில் நெறி வகுத்தது. நம் பிள்ளைகள் பயிலும் ஒவ்வொரு கல்லூரிக்கும் சங்கத்தின் முத்திரையோடு, 'ஆலோசகர் எங்கே?' என்று கேட்டு ஒரு மடல் செல்லட்டும். மாதம் ஒரு நாள் நம் மன்றத்திற்கு அரசு மருத்துவர் ஒருவரை அழைப்போம். ஐயங்களைப் பெயரின்றி எழுதிப்போட ஒரு பெட்டி வைப்போம். விடையை மருத்துவர் எல்லார் முன்னிலையிலும் சொல்லட்டும். கார்வேயின் இதழ் செய்ததும் இதுவே. நம்மில் முன்பே பட்டம் பெற்ற ஆண் இருவர், பெண் இருவர் கேட்கும் பயிற்சி பெறட்டும். கேட்டதைக் கணவனிடமோ மனைவியிடமோ கூடச் சொல்லாதவர்களாக அவர்கள் இருக்க வேண்டும். இதற்குப் பெருஞ்செலவில்லை, நாவடக்கமே மூலதனம்.

பெற்றோரே, உங்களுக்கு ஒரு சொல். 'ஊர் என்ன சொல்லும்?' என்று பிள்ளையிடம் கேட்பதற்கு முன் 'உனக்கு என்ன நேர்ந்தது?' என்று கேளுங்கள். பிள்ளை முதலில் ஓடி வரும் வாசல் உங்கள் வாசலாக இருக்கட்டும். அவ்வாசல் சாத்தியிருந்தால் அவன் எந்த வாசலுக்குப் போவான் என்பது நம் கையில் இல்லை.

இந்த மண்ணில் நம் முன்னோர்க்குப் படிக்கும் உரிமை மறுக்கப்பட்டது. அதைப் போராடிப் பெற்றோம். படிக்கச் சென்ற பிள்ளை தன் உடலைப் பற்றியும் உள்ளத்தைப் பற்றியும் அச்சமின்றிக் கேட்கும் உரிமை இன்னும் முழுமையாகக் கிட்டவில்லை. அதைத் தர வேண்டியது அரசு மட்டுமன்று, நாமும்தாம். கால் நூற்றாண்டில் நம் சங்கம் எத்தனையோ கதவுகளைத் திறந்தது. நம் வீட்டுக்குள்ளேயே சாத்திக் கிடக்கும் இந்தக் கதவை அடுத்த கால் நூற்றாண்டு வரை விட்டுவைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.